திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம்

சென்னைக்கு மேற்கே, திருவள்ளூர் மாவட்டம் திரூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்திவரும் நெல் ஆய்வு நிலையம். 1942இல் தொடங்கப்பட்டது. அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு எல்லாம் தாண்டி வரும் செவ்வாப்பேட்டை ரோடு இரயில் நிலையத்தில் இறங்கிப் போக வேண்டிய ஊர். பழைய ஏடுகளில் திரூர்க்குப்பம் என்றே இருக்கும். இங்கே வெளியான நெல் ரகங்களின் பெயருக்கு முன்னால் நிற்கும் டி.கே.எம். அதன் சுருக்கம். இன்றைய உழவர்கள் விதைக்கடையில் கேட்பது டி.கே.எம். 13. பயிர் வரலாற்றில் இந்த நிலையத்துக்கு இடம் வாங்கித் தந்தது டி.கே.எம். 6.

திரூர் இருக்கும் தொண்டை மண்டலத்தில் வற்றாத ஆறு கிடையாது. பாலாறு, கொசத்தலை, கூவம், ஆரணி நான்குமே மழைக்காலத்து ஆறுகள். வடகிழக்குப் பருவமழையை ஏரியில் தேக்கி, மதகு வழியாகக் கழனிக்கு விடுவதே இந்தப் பக்கத்து வேளாண்மை. பூந்தமல்லிக்கு அருகே உள்ள செம்பரம்பாக்கம் ஏரியும், அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளும் இன்று குடிநீர்ச் செய்தியிலும் வெள்ளச் செய்தியிலும் அடிபடும் பெயர்கள். ஒரு காலத்தில் அவற்றின் கீழே நெல் விளைந்தது.

18ஆம் நூற்றாண்டில் இங்கே என்ன விளைந்தது, எவ்வளவு விளைந்தது என்பதற்கு அரிய சான்று ஒன்று உண்டு. ஆர்க்காட்டு நவாபு 1763இல் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கொடுத்த செங்கற்பட்டு ஜாகீரைத் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்தார். ஏறத்தாழ 2000 ஊர்களின் ஏரி, குளம், நன்செய், புன்செய், மானியம், குடிகள் பற்றிய விவரங்கள் அதில் பதிவாயின. காந்தியரும் ஆய்வாளருமான தரம்பால் இந்த ஆவணங்களை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். சென்னையில் உள்ள கொள்கை ஆய்வு மையத்தினர் அப்பணியைத் தொடர்ந்தனர். அன்றைய நெல் விளைச்சல் பிற்காலத்தார் நினைத்ததைவிட மிக உயர்ந்தது என்பது அவர்கள் கருத்து. ஆனால் நெல்லை அளந்த கலமும் மரக்காலும் ஊருக்கு ஊர் மாறியவை. அவற்றை எடையாக மாற்றும்போது கணக்கு ஏறவும் இறங்கவும் இடமிருக்கிறது. ஆகவே அந்த விளைச்சல் அளவுகளை முடிந்த முடிவாகக் கொள்வதற்கில்லை.

சென்னை மாகாணத்தில் முறையான வேளாண் கல்வி 1868இல் சைதாப்பேட்டைப் பள்ளியில் தொடங்கி, 1906இல் கோயம்புத்தூருக்கு இடம் மாறியது.

கோவையில் 1912இல் நெல் ஆய்வு தனிப் பிரிவாகத் தொடங்கியது. அதை நடத்தியவர் எஃப். ஆர். பார்னெல். அரசின் பொருளாதாரத் தாவரவியலாளர் என்பது அவர் வகித்த பதவி; அப்பதவியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே அவர் தேர்ந்த ரகத்துக்குப் பெயராயின. கோணாமணி என்ற நெல் வயலில் தானாகவே மாறித் தோன்றிய ஒரு செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதாகப் பெரும்பாலான நூல்கள் சொல்லும் ஜி.இ.பி. 24, 1921இல் வெளியானது. கிச்சிலிச் சம்பா என்ற பெயரும் அதற்கு உண்டு. மெல்லிய மணி, நல்ல சோறு. தமிழ்நாட்டு நெல் ஆய்வில் இதைவிட அதிகம் பிள்ளை பெற்ற ரகத்தைக் காண்பது கடினம். ஜப்பானிய நோரின் 10 நெல்லோடு கலந்து ஆடுதுறையில் பிறந்த ஏ.டி.டி. 27 இதன் பிள்ளை. ஆந்திரத்தின் பாபட்லாவில் உருவாகி, சென்னை மளிகைக் கடைகளில் ஆந்திரா பொன்னி என்று விற்கும் பி.பி.டி. 5204இன் பெற்றோரிலும் இது ஒன்று. திரூரின் புகழும் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

நிலையம் தொடங்கிய 1942, சென்னை மாகாணத்துக்குச் சோற்றுக் கவலை பிடித்த ஆண்டு. ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி வரத்து நின்றுபோனது. புதிய நிலையங்கள் திறந்ததற்கு இந்த நெருக்கடிதான் காரணம் என்று சொல்வது கொஞ்சம் மிகை; தட்டுப்பாடு அவற்றுக்கு அவசரம் கூட்டியது என்பது பொருந்தும். கொசத்தலையின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் பயன்பாட்டுக்கு வந்தது, சென்னை நகரின் தாகத்துக்காக. நெல் ஆய்வும் நகரக் குடிநீரும் ஒரே வட்டாரத்தில் இரண்டு ஆண்டு இடைவெளியில் கால்வைத்தன என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

கோவையும் ஆடுதுறையும் இருக்க, இன்னொரு நிலையம் இங்கே தேவைப்பட்டதற்கு மண்ணும் பருவமும் காரணம். காவிரிப் படுகையில் குறுவை, சம்பா, தாளடி. செங்கற்பட்டுச் சீமையில் சொர்ணவாரி, சம்பா, நவரை. சித்திரை வாக்கில் தொடங்கும் சொர்ணவாரிக்கும், மார்கழியை ஒட்டித் தொடங்கும் நவரைக்கும் வயது குறைந்த நெல் வேண்டும். ஏரி நிரம்புமா என்று தெரியாத ஆண்டுகளில் உழவர் நாற்றங்காலுக்குக் காத்திருப்பதில்லை. புழுதி நிலத்தில் நேரடியாக விதைத்துவிட்டு, மழை வந்து தண்ணீர் ஏறியதும் அதையே நன்செய்ப் பயிராக வளர்ப்பார்கள். காய்ச்சலையும் பாய்ச்சலையும் ஒருங்கே தாங்கும் நெல் இதற்கு வேண்டும். புழுதி விதைப்பு நெல் இன்றும் திரூரின் தனித்துறை.

டி.கே.எம். 6, 1952இல் வெளியானது. தாய் ஜி.இ.பி. 24, தந்தை கோ 18. நெல்லில் கலப்பு செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பூ மலர்வது முற்பகலில் சிறிது நேரம்தான். மலர்ந்ததும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொண்டுவிடும். அதனால் மலர்வதற்கு முன்பே உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் ஒன்றுவிடாமல் எடுத்து, கதிரை உறையிட்டு மூடி, மறுநாள் வேற்று ரகத்தின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். ஒரு பூவுக்கு ஒரு மணி. அந்தச் சில மணிகளை விதைத்து, அடுத்தடுத்த தலைமுறைகளில் பிரிந்து வரும் ஆயிரக்கணக்கான செடிகளில் கழித்துக் கழித்து எடுத்தால்தான் ஒரு ரகம் நிலைக்கும். ஒரு ரகத்துக்குப் பத்தாண்டு உழைப்பு என்பது அன்றைய நடைமுறையில் பெரிய தாமதமே அல்ல.

வெளியான காலத்தில் டி.கே.எம். 6 ஒரு நல்ல உள்ளூர் ரகம், அவ்வளவே. மெல்லிய வெள்ளை அரிசி. சுமார் நான்கு மாதத்தில் அறுவடை. நெட்டை ரகமாகையால் உரத்தைக் கூட்டினால் சாய்ந்துவிடும். உலகம் அதைக் கவனித்தது 1960களில், அதுவும் ஒரு புழுவின் பொருட்டு.

குருத்துப்பூச்சி நெல்லின் பழைய பகை. அந்துப்பூச்சி இலையில் முட்டையிடும். பொரித்த புழு தண்டைத் துளைத்து உள்ளே போய்விடும். இளம்பயிரானால் நடுக்குருத்து காய்ந்து, பிடித்து இழுத்தால் கையோடு வரும். கதிர் வந்த பிறகானால் மணி பிடிக்காத வெண்கதிர் வயலில் விறைத்து நிற்கும். தண்டுக்குள் இருக்கும் புழுவை மருந்து எளிதில் எட்டாது. பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸில் 1960இல் நிறுவப்பட்ட பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பூச்சியியலாளர் எம். டி. பதக், இதைத் தாங்கும் நெல்லைத் தேடி உலகெங்கும் இருந்து சேர்ந்த ரகங்களைச் சலித்தார். பத்தாயிரம் ரகங்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. தேறிய சிலவற்றில் முன்வரிசையில் நின்றது டி.கே.எம். 6. அந்தச் செடியில் பூச்சி குறைவாகவே முட்டையிட்டது. அதன் வாசனைப் பொருள் ஒன்று பூச்சிக்கு ஒவ்வாதது என்று பின்னாளில் வேதியியல் ஆய்வும் சுட்டியது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அங்கே அதிகம் சோதிக்கப்பட்டது வரிக் குருத்துப்பூச்சி. தமிழ்நாட்டு வயல்களைப் பிடிப்பது பெரும்பாலும் மஞ்சள் குருத்துப்பூச்சி. அதன்முன் இந்தத் தாங்குதிறன் மிதமானது என்றே மதிப்பிடுகிறார்கள்.

பசுமைப் புரட்சியின் பெரும்புகழ் கோதுமைக்குப் போனது. 1966இல் இந்தியா மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையை இறக்கியது. பஞ்சாப் வயல்கள் மாறின. நெல்லில் அதே ஆண்டு லாஸ் பானோஸிலிருந்து வந்த ஐ.ஆர். 8 விளைச்சலில் குறை வைக்கவில்லை. ஆனால் சோறு கரடு, நோய்க்கும் எளிதில் இடம்கொடுத்தது. அந்தக் குறைகளைத் தீர்க்க, ஐ.ஆர். 262 என்ற குட்டை வரிசையோடு டி.கே.எம். 6ஐக் கலந்தார்கள். 1969இல் வெளிவந்தது ஐ.ஆர். 20. திரூரின் மெல்லிய மணியும் தாங்குதிறனும், குட்டை ரகத்தின் விளைச்சலும் ஒன்றாகக் கிடைத்தன. 1970இல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானுக்கு அதன் விதை போனது. தமிழ்நாட்டில் 1970களிலும் அதற்குப் பின்னும் முதன்மையான நெல்லாக அது நின்றது. வெள்ளைப் பொன்னி வந்து சோற்றுப் பானையிலிருந்து அதை இறக்கிய பிறகும், இட்லிக்கு ஐ.ஆர். இருபது வேண்டும் என்று கேட்டு வாங்குகிற வீடுகள் குறையவில்லை. கடல் கடந்து போய்த் திரும்பி வந்த பேரப்பிள்ளை என்று அந்த அரிசியைத் திரூர்க்காரர்கள் உரிமை கொண்டாடினால் தப்பில்லை.

கொடை அதோடு நிற்கவில்லை. பாக்டீரியா இலைக்கருகல் நோயைத் தாங்கும் எக்ஸ்.ஏ. 4 என்ற மரபணு டி.கே.எம். 6 வழியாக ஐ.ஆர். வரிசைக்குள் நுழைந்தது. 1976இல் வந்து, 1980களில் சுமார் 1.1 கோடி ஹெக்டேர் பரப்பில் விளைந்த ஐ.ஆர். 36இன் மூதாதையர் பட்டியலில் டி.கே.எம். 6 இருக்கிறது. 1985இல் வந்த ஐ.ஆர். 64இலும் அப்படியே. சீனத்தின் ஊகான் நகரில் ஆய்வாளர்கள் எக்ஸ்.ஏ. 4 மரபணு வேலை செய்யும் விதத்தை விளக்கி 2017இல் வெளியிட்டார்கள்: செல்லின் சுவரை அது உறுதியாக்குகிறது, அதனால் கிருமி பரவுவது தடைபடுகிறது, தண்டும் வலுக்கிறது.

புகையான் என்ற பூச்சியின் கதை இவ்வளவு நேரானதல்ல. டி.கே.எம். 6ஐ ஐ.ஆர். 24உடன் கலந்து உருவாகி 1973இல் வெளிவந்த ஐ.ஆர். 26 புகையானைத் தாங்கியது. ஆனால் டி.கே.எம். 6இன் மேல் புகையானை விட்டால் அது தாங்குவதில்லை. தாங்காத தாய்க்குத் தாங்கும் பிள்ளை எப்படி? காக்கும் மரபணு டி.கே.எம். 6இல் இருக்கிறது, அதை அமுக்கிவைக்கும் இன்னொரு மரபணுவும் சேர்ந்தே இருக்கிறது, கலப்பில் இரண்டும் பிரிந்துபோயின என்பது நெல் விஞ்ஞானி குர்தேவ் குஷ் முதலியோர் தந்த விளக்கம். பெரிதும் எடுத்தாளப்படுவது இதுவே. இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே புகையானின் புதிய வகை ஒன்று ஐ.ஆர். 26ஐ வீழ்த்திவிட்டதால், வயலைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி பழையதாகிவிட்டது.

1978இல் டி.கே.எம். 9 வந்தது. டி.கே.எம். 7க்கும் ஐ.ஆர். 8க்கும் பிறந்தது, 105 நாள் வயது, அரிசி சிவப்பு, பருமன். சொர்ணவாரிக்கும் நவரைக்கும் பாந்தமானது. நகரத்துச் சந்தை வெள்ளை அரிசியைத் தேடிய காலத்தில் இது தாக்குப்பிடித்ததற்குச் சிவப்பரிசி உண்ணும் கேரளம் ஒரு காரணம். புழுதி விதைப்புக்கென டி.கே.எம். 10, 11, 12 வெளியாயின.

இதற்கிடையே நிலையத்துக்கும் நகரத்துக்கும் நடுவே இருந்த வயல்கள் கரைந்தன. 1960களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. ஏரிகளுக்குக் கீழே மனைப் பிரிவுகள் வந்தன. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. நெல்லைக் குவித்து அரைக்கும் தொழில் செங்குன்றத்தில் இன்னும் பெரிதாகவே நடக்கிறது. அங்கே அரைபடும் நெல்லில் ஆந்திரத்திலிருந்து வருவதும் கணிசம்.

2015இல் வெளியானது டி.கே.எம். 13. டபிள்யு.ஜி.எல். 32100, சொர்ணா ஆகிய இரு நெல்களின் கலப்பு, 130 நாள் வயது, பி.பி.டி. 5204க்கு மாற்றாகச் சம்பாவுக்குப் பரிந்துரைக்கப்படும் சன்ன ரகம். திருவள்ளூரைத் தாண்டிக் காவிரிப் படுகையிலும் இதை நடுகிறார்கள். திரூர் வளாகத்திலேயே மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையமும் இயங்குகிறது. உழவர்களுக்கான பயிற்சிகள் அங்கே நடக்கின்றன.