வாய்க்கால் வைத்த தீ

மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் நெருப்பு ஒரு காலத்தில் விபத்தல்ல, வேலையாள். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே, தென்னமரம் என்று தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே வணிக அளவில் செம்பனை நட்டார் (பெயர் தென்னை, பயிர் பனை). அன்று காட்டைச் சாய்த்து, காயவிட்டு, கொளுத்துவதே நிலம் திருத்தும் முறை. மறுநடவிலும் அதுவே தொடர்ந்தது. அதற்கு நியாயமும் சொன்னார்கள்: அழுகும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகும், ரப்பர் கட்டையில் வேர்நோய் தங்கும், சாம்பலோ உரம். 1980-களில் கோல்டன் ஹோப் நிறுவனம் இந்தக் கணக்கை மாற்றிப் போட்டது. பழைய பனையைச் சிறு துண்டுகளாகச் சீவி வரிசையாகக் குவித்து, மேலே பயறுவகைக் கொடியைப் படரவிட்டால் தண்டு மக்கி உரமாகும். வெயிலுக்குக் காத்திருக்காமல் கன்றும் நடலாம். 1992-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருது இதற்குக் கிடைத்தது. சீவல் தடித்தால் வண்டு வரத்தான் செய்யும். ஆனாலும் முறை நிலைத்ததற்கு மனச்சாட்சியைவிடக் கணக்கேடே பெரிய காரணம் என்பேன்.

கொளுத்துவதை நிறுத்தியும் தீ நிற்கவில்லை. தோட்டங்களுக்கு அருகிலுள்ள ராஜா மூசா, சுங்கை காராங் வனக்காப்பகங்களின் சதுப்பு மண், மக்காத இலைதழை அடுக்கடுக்காய்ப் படிந்தது. நனைந்திருக்கும்வரை அதில் தீப்பிடிப்பது அரிது. மரம் இழுத்து வர வெட்டிய கால்வாய்கள் அந்த நீரை வடித்துவிட்டன. காய்ந்த சதுப்பில் தீ மண்ணுக்கடியில் ஊர்கிறது. மேலே பீய்ச்சும் தண்ணீர் அதை எட்டுவதில்லை. ஆகவே கால்வாய்களில் தடுப்பணை கட்டி நிலத்தடி நீரை உயர்த்துவதே உண்மையான தீத்தடுப்பு. வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் 2008 முதல் ராஜா மூசாவில் செய்துவருவது அதைத்தான். மண்ணின் ஆழ்ந்த அடுக்கு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதை வானிலைத் துறையின் தீ அபாயக் குறியீடு முன்கூட்டியே காட்டும். அது எச்சரிக்கும், நனைக்காது.

புகை சுமத்திராவிலிருந்துதானே வருகிறது என்பார்கள். 2005 ஆகஸ்ட் 11-இல் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, கோலசிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது அது பெரும்பாலும் உண்மை. வடகிழக்குக் காற்று வீசும் பிப்ரவரி, மார்ச் வறட்சியில் ராஜா மூசா எரியும்போது அந்தப் பதில் செல்லாது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: நீரை உயர்த்தினால் ஓரத்துச் செம்பனையின் வேர் மூழ்கும். சதுப்பில் செம்பனைக்கு நீர்மட்டம் தரைக்கு ஏறக்குறைய அரை மீட்டர் கீழே இருக்க வேண்டும். காட்டுக்கோ தரையை ஒட்டியே வேண்டும். தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்குத் தண்ணீர் தேக்கித் தருவதும் இதே சதுப்பு என்பதால், வழக்கில் மூன்றாவது தரப்பும் உண்டு. எல்லைக் கால்வாயின் மடைப்பலகையை எந்த உயரத்தில் நிறுத்துவது என்பதே இனி இங்கு நடக்க வேண்டிய வாதம்.