பாலக்காட்டுக் கள்ளுக்கடைகளின் வரலாறு

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். "எதைப் பற்றி எழுதுவதாக எண்ணம்?" என்றும் வினவினார். "கள்ளுக்கடையைப் பற்றி" என்றேன். அவர் சற்றுத் திகைத்துப் போனார். பெண்டிரும் பிள்ளைகளும் படிக்கும் மலராயிற்றே என்று தயங்கினார். பாலக்காட்டுக் கோட்டையைப் பற்றி எழுதலாமே என்றும் எடுத்துரைத்தார். 1766-இல் ஐதர் அலி எழுப்பிய அக்கோட்டையைப் பற்றி எழுதுவதற்கு அறிஞர் பலர் உளர். கள்ளுக்கடையைப் பற்றி எழுதுவார் இலர். ஆயினும் பிழைப்பு நாடி இவ்வூருக்கு வந்த நம் குடும்பங்கள் பலவற்றின் கதையில் கோட்டைக்கு இடமில்லை, கள்ளுக்கடைக்கு உண்டு. அந்தப் பக்கத்தைக் கிழித்தெறிந்துவிட்டு வரலாறு எழுதுவது நேர்மையாகாது. நான் புலவன் அல்லேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதும் குமாஸ்தா. பிழை கண்டால் பெரியோர் பொறுப்பாராக.

தேடிச் சென்ற கதை

என் தந்தையார் இருப்புப்பாதையில் காங்மேனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அகவை எழுபத்தெட்டு. சென்ற ஆண்டு ஒருநாள், தாம் இளமையில் சென்று வந்த பழைய கள்ளுக்கடையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். எனக்கு வியப்பாக இருந்தது; ஏனெனில் அவர் கள்ளைத் தொட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இருப்பினும் மறுக்க மனமின்றி அழைத்துச் சென்றேன்.

கடைத்தெருவின் பின்புறச் சந்துகளில் ஒரு முற்பகல் முழுவதும் அலைந்தோம். கடை இருந்த இடத்தில் இரும்புச் சாமான்கள் அடுக்கிய கிடங்கு ஒன்று நின்றது. ஆட்டோ ஓட்டுநர்கள் புதிய மதுக்கடைகளுக்கு வழி சொன்னார்கள். கள்ளுக்கடை என்றதும் சிரித்தார்கள். நகரின் நடுவே மலிவான, பழமையான, ஓலைக்கூரை வேய்ந்த அக்கடைகள் எங்கே போயின? இந்த வினாவே என்னை இவ்வரலாற்றைத் தேடத் தூண்டியது.

பண்டைத் தமிழகத்தில்

கள் நம் நாட்டிற்குப் புதிதன்று. கள், தேறல், நறவு, தோப்பி எனப் பல பெயர்கள் சங்க நூல்களில் பயில்கின்றன. தோப்பி என்பது வீட்டிலேயே நெல்லினின்று வடித்த மது. அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டிலே, அவனோடு கள்ளைப் பகிர்ந்துண்ட நாளை நினைத்து வருந்துகிறார். காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் இல்லங்களின்மேல் கொடி பறந்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. இன்று கேரள நாட்டில் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தால் 'கள்ளு' என்று எழுதி, கடையின் எண்ணையும் குறித்து வைத்திருப்பதைக் காண்கிறோம். அன்றைய கொடியே இன்றைய பலகை எனக் கருதுவதில் தவறில்லை.

அதே தமிழில்தான் திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என்று தனி அதிகாரமே வகுத்தார். ஆகவே, கள்ளைப் போற்றியவரும் நம்மவரே, கடிந்தவரும் நம்மவரே. இவ்விரு குரல்களும் இன்றளவும் ஓயவில்லை.

பாளையும் கலயமும்

கள் இறக்கும் தொழில் எளிதன்று. தென்னையின் விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்துவர். பின்னர் நுனியைக் கூரிய கத்தியால் சீவி, கலயத்தைக் கட்டுவர். சொட்டுச் சொட்டாய் வடியும் சாறு இனிப்பானது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர். தடவாவிட்டால் காற்றிலுள்ள நொதியால் சில மணி நேரத்திலேயே பொங்கிக் கள்ளாகிவிடும். மறுநாள் புளித்துக் காடியாகும். நாள் தவறாமல் காலையும் மாலையும் மரம் ஏறிச் சீவாவிடில் பாளை வறண்டு போகும். மழையிலும் வழுக்கும் மரத்தில் ஏறுகிறவனுக்கு ஓய்வு நாள் என்பதே இல்லை.

கள் ஒரு நாளைக்குமேல் தங்காது என்னும் இவ்வியல்பே அதன் வரலாறு முழுவதையும் ஆட்டிப் படைத்தது. இறக்கிய ஊரிலேயே விற்றாக வேண்டும். அல்லது விரைந்து கொண்டு செல்ல வேண்டும். பாலக்காட்டுக்குக் கிழக்கேயுள்ள சித்தூர் வட்டமே இன்று கேரளத்தின் கள்ளுக் களஞ்சியம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி முதலிய ஊர்களின் தென்னந்தோப்புகளில் பெரும்பாலும் தமிழ் பேசும் உழவர்கள் வாழ்கின்றனர். அவர்கள் மரங்களைக் குத்தகைக்கு விடுகின்றனர். ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டு வரி வாங்குகிறது அரசு. விடியற்காலையில் அனுமதிச் சீட்டுடன் வண்டிகள் புறப்பட்டுத் திருச்சூர், எறணாகுளம் முதலிய தென்மாவட்டங்களுக்குக் கள்ளைச் சுமந்து செல்கின்றன. நம் பகுதியின் மரத்துக் கள்ளை ஆலப்புழைப் படகுக்காரர் அருந்துகிறார் என்றால் அது மிகையன்று.

இரு நாடு, இரு சட்டம்

1862-இல் போத்தனூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே இருப்புப்பாதை மேலைக் கடற்கரையோடு இணைந்தது. பாதை அமைத்தவரும் அதனைக் காத்தவரும் பெரும்பாலும் ஏழைக் கூலிகள். கூலிகள் கூடிய இடமெல்லாம் கள்ளுக்கடையும் கூடிற்று.

அந்நாளில் பாலக்காடு சென்னை மாகாணத்து மலையாள மாவட்டத்தைச் சேர்ந்தது. சித்தூரோ கொச்சி அரசைச் சேர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1886-ஆம் ஆண்டு ஆப்காரிச் சட்டம் நடந்தது. கொச்சியில் கொல்லம் ஆண்டு 1077-இல், அதாவது 1902-இல், தனிச்சட்டம் வந்தது. ஆப்காரி என்பது மது வரியைக் குறிக்கும் பாரசீகச் சொல். அக்கொச்சிச் சட்டமே திருத்தங்களுடன் இன்றும் கேரளம் முழுவதும் நடைமுறையில் உள்ளது.

இச்சட்டங்களின் கீழ்க் கடைகள் ஏலத்தில் விடப்பட்டன. ஏலம் எடுத்தவருக்கு உரிமை ஓராண்டுக்கே. அடுத்த ஆண்டு கடை யார் கைக்குப் போகுமோ தெரியாது. அத்தகையவர் கல்லும் சுண்ணமும் கொண்டு கடை கட்டுவாரா? நான்கு கால் நட்டு, ஓலை வேய்ந்து, இரண்டு விசுப்பலகை இட்டால் போதும் என்றே எண்ணுவார். கள்ளுக்கடைகள் அழுக்கும் ஒட்டடையுமாய் இருந்ததற்குக் குடிப்பவரின் வறுமை மட்டும் காரணமன்று. ஏல முறையும் காரணம் என்பது என் கருத்து.

மதுவிலக்கு

ஈழவர் குலத்தில் தோன்றிய ஸ்ரீ நாராயண குரு, தம் மக்களிற் பலர் செய்து வந்த கள் இறக்கும் தொழிலையே கைவிடுமாறு அறிவுறுத்தினார். 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது, பெரியார் ஈ. வெ. இராமசாமி தம் தோப்பில் இருந்த 500-க்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் மறியலுக்குத் தலைமை தாங்கினர்.

1937 அக்டோபர் முதல் நாள் இராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. கடையில் நாம் பொருள் வாங்கி வரி செலுத்தும் பழக்கம் அவ்வாறுதான் நம் நாட்டில் வேரூன்றியது. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. பாலக்காட்டு நகரத்துக் கள்ளுக்கடைகளும் மூடப்பட்டன. 1956-இல் கேரள மாநிலம் அமைந்தபின்னும் மலபாரில் தடை நீடித்தது. 1967-இல் தான் அது நீக்கப்பட்டுக் கடைகள் மீண்டும் முளைத்தன. 1969-இல் கள்ளுத் தொழிலாளர் நலநிதிக்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது.

தமிழ்நாட்டிலோ 1971-இல் விலக்கு ஒத்திவைக்கப்பட்டு, 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் கடைகள் திறந்தன. 1987 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை விழுந்தது. அன்று முதல் பொள்ளாச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் வருவோர் எல்லை தாண்டி வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களின் கள்ளுக்கடைகளை நாடலாயினர். எல்லைக்கல்லுக்கு இப்பால் மரத்தில் ஏறுவது தொழில். அப்பால் ஏறுவது குற்றம். தென்னைக்கு மட்டும் இவ்வேறுபாடு தெரியாது.

மலைநாட்டிலும் கடல் கடந்தும்

இடுக்கி எல்லையில் கதை சற்று வேறு. மூணாறு, பீருமேடு தேயிலைத் தோட்டங்களுக்கு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து நம் மக்கள் சென்றனர். குளிர்ந்த அம்மலைகளில் தென்னை செழிப்பதில்லை. ஆதலால் கூந்தற்பனையிலிருந்து கள் இறக்குவர். நாள் முழுதும் அட்டைக் கடியிலும் பனியிலும் உழைத்தவருக்கு மாலையில் சூடும் பேச்சும் கிடைத்த இடம் அதுவே. கூலியைப் பறிகொடுத்த இடமும் அதுவே.

மலேயா நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் நிலைமை இன்னும் கொடிது. அங்குத் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்து, கொடுத்த கூலியைத் திரும்ப வாங்கினர். 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. குடித்தவர்களே கடையை மூடச் சொன்னார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. யாழ்ப்பாணத்தில் இக்கடைக்குத் தவறணை என்று பெயர். போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல் அது.

நகரை விட்டு நீங்கியமை

பள்ளி, கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் ஆகியவற்றிலிருந்து 400 மீட்டருக்குள் கடை இருத்தலாகாது என்பது கேரள விதி. நகரம் வளர வளர இவை பெருகின. கடைகள் வயல்வெளிக்கும் வாய்க்காற் கரைக்கும் ஒதுங்கின. நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்ற வேண்டும் என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் மேலும் பல மூடப்பட்டன. மனை விலை ஏற்றம் ஒருபுறம். சீமைச் சாராயத்தின் போட்டி மறுபுறம். கலப்படம் வேறு கள்ளின் பெயரைக் கெடுத்தது. 2010-இல் மலப்புறம் மாவட்டத்தில் நச்சுக் கள்ளால் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நாம் மறத்தல் ஆகாது. 2021-இல் கள்ளுத் தொழில் வளர்ச்சி வாரியத்துக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று எஞ்சியுள்ள கடைகளிற் சில உணவகங்களாக மாறி, குடும்பத்தோடு வருவோரையும் வரவேற்கின்றன.

தந்தையார் தேடியது

இனி, விட்ட இடத்துக்கு வருகிறேன். அந்நாளில் சம்பளம் ரொக்கமாகக் கையில் தரப்படும். சம்பள நாளன்று மாலை, ஒன்பது வயதுச் சிறுவனாகிய என்னை அன்னையார் கள்ளுக்கடைக்கு அனுப்புவார். அங்குக் கொள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் சமைக்கும் மூதாட்டி ஒருவர் இருந்தார். சித்தூர்ப் பக்கத்துத் தமிழர். தொழிலாளர் உள்ளே நுழைந்ததும் சம்பள உறையை அவர் கேட்டு வாங்கிக்கொள்வார். கடைக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் துணியில் முடிந்து, "நேரா அம்மாகிட்டக் குடு கண்ணு, வழியில எங்கயும் நிக்காத" என்று என் கையில் கொடுப்பார். எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது அவர் முடிந்த முடிச்சால்தான்.

ஒரு மாதம் அவர் நோயுற்று வரவில்லை. அம்மாதம் சம்பளமும் வீடு வரவில்லை. அன்னையாரின் தோடு அடகுக்குப் போயிற்று. திரும்பி வரவே இல்லை. அன்றோடு தந்தையார் கள்ளை விட்டார். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அதைக் கிடங்கின் எதிரே இருந்த தையற்காரரிடம் தந்தையார் பேசியபோதுதான் அறிந்தேன். அவர் தேடி வந்தது கடையை அன்று, அந்த மூதாட்டியை. ஒருமுறை நன்றி சொல்ல வேண்டும் என்று எண்ணியே முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டார். அவர் காலமாகிப் பதினைந்து ஆண்டு ஆயிற்று என்றார் தையற்காரர்.

தந்தையார் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில், சித்தூர்ச் சாலையை அடுத்த வாய்க்காற் கரையில் கறுப்புப் பலகை ஒன்று கண்ணில் பட்டது. "இங்கே கொஞ்சம் நிறுத்து சாமி" என்றார். உள்ளே சென்று அமர்ந்தோம். கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கிழங்கும் மீனும் மட்டும் வாங்கி உண்டார். உண்டு முடித்தபின், சமைத்துக்கொண்டிருந்த பெண்மணியின் கையில் நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார். எதற்கு என்று அவ்வம்மையார் கேட்க, "பழைய பாக்கி" என்றார்.

அன்பர்களே, கள்ளுக்கடையைப் போற்றி நான் இதை எழுதவில்லை. அதனால் அழிந்த குடும்பங்களை நம் குடியிருப்பிலேயே கண்டிருக்கிறோம். எனினும், வறியவர் ஒருவரையொருவர் காத்துக்கொண்ட இடமாகவும் அது சில வேளை விளங்கியது. சட்டம் இயற்றியோர் பெயர்கள் ஏட்டில் உள்ளன. கூலிக்காரன் சம்பளத்தை முடிச்சிட்டு அவன் மனைவிக்கு அனுப்பிய மூதாட்டியின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. என் தந்தையாருக்கே அவர் பெயர் தெரியாது. இம்மலரில் அவருக்கும் ஒரு பக்கம் கிடைத்தது என்ற மனநிறைவோடு இக்கட்டுரையை முடிக்கிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!