எழுத்து எத்தனை? வழங்கிகளில் தமிழ் எண்ணப்பட்ட வரலாறு

1881இல் தீயாலும் வெள்ளத்தாலும் பேரழிவுற்ற கோலாலம்பூர், பின்னர் செங்கற் கட்டடங்களால் மீண்டெழுந்தது. அதற்குச் செங்கல் சுட்டுத் தந்த வட்டாரமே நாம் கூடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸ். ஒரு வீட்டைச் செங்கற்கணக்காலும் அளக்கலாம், அறைக்கணக்காலும் அளக்கலாம். குடியிருப்போருக்கு வேண்டியது அறைக்கணக்கே. கணினி வழங்கிகள் தமிழெழுத்தை எண்ணிய வரலாற்றிலும் இவ்விரு கணக்குகளைக் காண்கிறோம்.

லினக்ஸ் என்னும் திறந்த மூல இயங்குதளமும், தமிழுக்கு இடந்தந்த ஒருங்குறியின் முதற்பதிப்பும் 1991இல் தோன்றின. 1995இல் பிஎச்பி என்னும் நிரல்மொழி வெளிவந்தது. உரிமக் கட்டணமின்றி லினக்ஸ் வழங்கியில் பிஎச்பி செயலிகளை இயக்க முடிந்தமையால், சிறு அமைப்புகளும் இணையத்தில் இடம்பெற்றன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இவ்வழியே வளர்ந்தது. மலேசிய அரசும் 2004இல் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்தது.

ஆயினும் ஒரு குறை இருந்தது. பிஎச்பியின் அடிப்படைக் கட்டளை, சொல்லின் நீளத்தைப் பைட் கணக்கில் அளந்தது. பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல்லில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள் உள்ளன. ஆகவே அக்கட்டளை 15 என்றது. எம்பிஸ்டிரிங் என்னும் நீட்சி குறிகளை எண்ணி 5 என்றது. இலக்கணம் கற்ற மாணவரோ 3 என்பார்.

இது வெறும் எண் வேறுபாடன்று. நான்கு குறிகளோடு நிறுத்துமாறு பணித்தால், வழங்கி 'தமிழ' என்று காட்டும், மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். பைட் கணக்கில் வெட்டினால் குறியே சிதையக்கூடும். படிவத்தில் தம் பெயரை எழுதும் மாணவருக்கு இது பெயர்ச்சிதைவு.

பிஎச்பி மொழி முழுவதையும் ஒருங்குறிக்கு மாற்ற முனைந்த ஆறாம் பதிப்பு 2010இல் கைவிடப்பட்டது. அதற்கு முன்னரே, 2009இல் வந்த 5.3 பதிப்போடு இன்ட்டல் என்னும் நீட்சி சேர்க்கப்பட்டிருந்தது. அதன் எழுத்துத்தொகுதிக் கட்டளை 'தமிழ்' என்பதற்கு 3 என்றே விடை தருகிறது. ஆனால் டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கிகளில் இந்நீட்சியைத் தனியே நிறுவ வேண்டும். கேட்பார் இல்லையெனில், நிறுவுவாரும் இரார்.

திறந்த மூலம் நமக்குத் தந்தது திருத்தும் உரிமை. எதைத் திருத்துவது என்பதை மொழியறிந்தோரே சொல்லவேண்டும். புள்ளி பெற்ற மெய் ஓர் எழுத்து என்பது தொல்காப்பியம் பயின்றோர்க்கு எளிய செய்தி. நிரலர் அதனைத் தாமே அறிவார் என எதிர்பார்த்தல் தகாது. ஆசிரியப் பெருமக்களே, உங்கள் பள்ளியின் இணையப் படிவத்தில் 'தமிழ்' எத்தனை எழுத்தாக எண்ணப்படுகிறது என்று மாணவரைக் கொண்டே சோதித்துப் பாருங்கள். விடை மூன்றாக இல்லையெனில், அதனை நிறுவியவரிடம் எழுத்திலக்கணத்தை எடுத்துரைப்பது நம் கடன்.