காஞ்சிபுரம் வட்டாரக் கோடைக்காலப் பாரதக் கூத்து

காஞ்சிபுரம் வட்டாரக் கோடைக்காலப் பாரதக் கூத்து என்பது திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத விழாவையொட்டி நடைபெறும் இசை நாடகத் தொடர். பெரும்பாலும் பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில், ஊர்ப் பொதுச் செலவில், இரவு முழுவதும் நிகழும். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து செய்யாறு, வந்தவாசி, உத்திரமேரூர் செல்லும் சாலைகளின் இருபுறமும் உள்ள ஊர்கள் இதன் களம். தெருக்கூத்து என்றும் கட்டைக்கூத்து என்றும் அழைக்கப்படும் இக்கலைக்கு நடிகர்களும் இசைக்குழுவும் ஊராரும் சேர்ந்தே உரியவர்கள்.

கோடையில் ஊர் மக்களுக்காக இசை நிகழ்ச்சிகளைத் தொடராக நடத்தும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. இலண்டனில் 1895-ல் தொடங்கி ஹென்றி உட் நடத்துநராக இருந்த கோடைக்கால இசை நிகழ்ச்சிகள் குறைந்த கட்டணத்தில் பொதுமக்களுக்குச் சேர்ந்திசையைக் கொண்டு சென்றன. பாரதக் கூத்தில் கட்டணமே இல்லை. பார்ப்பவர்களே வரி கொடுத்து நடத்துபவர்கள்.

பின்புலம்

காஞ்சிபுரம் பகுதிக்கும் பாரதக் கதைக்கும் உள்ள தொடர்பு பழமையானது. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த செப்பேடு, முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கிருந்த கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதை அது தெரிவிக்கிறது. வாசிப்பவருக்கு ஊர் வருவாயிலிருந்து பங்கு கொடுக்கும் முறை அப்போதே இருந்தது என்பதற்கு இது சான்று. ஒன்பதாம் நூற்றாண்டில், மூன்றாம் நந்திவர்மன் காலத்தில், பெருந்தேவனார் பாரத வெண்பாவை இயற்றினார்.

பிற்காலத்தில் வில்லிபுத்தூராரின் பாரதம் விழாக்களின் அடிப்படை நூலாக ஆனது. நான்காயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட அந்நூல் பத்துப் பருவங்களில், போரின் முடிவோடு நின்றுவிடுகிறது. பாரத விழாவும் பதினெட்டாம் நாள் போரோடு முடிகிறது. 18-ஆம் நூற்றாண்டில் எழுந்த நல்லாப்பிள்ளை பாரதமும் பிரசங்கங்களில் பயன்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கூத்துப் பிரதிகள் சென்னை அச்சகங்களில் மலிவுப் பதிப்புகளாக வெளிவந்தன. ஆயினும் கூத்து முதன்மையாக வாய்வழியாகவே கற்பிக்கப்பட்டது. அச்சிட்ட பாட்டும், வாத்தியாரிடம் கேட்ட பாட்டும், மேடையில் அப்போதே பிறக்கும் பேச்சும் கலந்ததே ஓர் இரவின் கூத்து.

கோடைப் பருவம்

பருவத்தைத் தீர்மானிப்பது வேளாண்மை. இப்பகுதி பெரிதும் ஏரிப் பாசனத்தை நம்பியது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி, சம்பா பயிராகி, தை, மாசியில் அறுவடை முடியும். பங்குனியில் வீட்டில் நெல் இருக்கும், கையில் ஓரளவு பணமும் ஓய்வும் இருக்கும். அறுத்த வயல் காய்ந்து கிடப்பதால் நூற்றுக்கணக்கானவர் உட்காரவும் படுகளம் அமைக்கவும் இடம் கிடைக்கும். இரவில் மழை வந்து கூத்து கலையும் அச்சமும் குறைவு.

இதே மாதங்கள் காஞ்சிபுரம் நகரின் பெருவிழாக் காலமும் ஆகும். பெரிய காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலில் பங்குனி உத்திரப் பெருவிழா நடைபெறும். சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் வைகாசிப் பிரம்மோற்சவம் நடைபெறும். கருட சேவை நாளில் பெருமாள் பெரிய காஞ்சிபுரம் வரை எழுந்தருள்வது வழக்கம். நகரக் கோயில்களில் நாகசுவரமும் தவிலும் ஒலிக்க, சுற்றியுள்ள ஊர்களில் முகவீணையும் மிருதங்கமும் ஒலிக்கும்.

கூத்துக் குழுவை ஜமா என்பர். இப்போது பல குழுக்கள் நாடக மன்றம் என்ற பெயரில் இயங்குகின்றன. குழுத் தலைவர் வாத்தியார் எனப்படுவார். விழாக் குழுவினர் வாத்தியாருக்குத் தாம்பூலம் வைத்து, முன்பணம் கொடுத்து நாள் குறிப்பர். தாம்பூலம் வாங்கிவிட்டால் அந்த நாளுக்கு வேறு ஊருக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. விழாச் செலவுக்கு ஊரில் தலைக்கட்டு வரி வசூலிக்கப்படும்.

விழாவின் அமைப்பு

விழா கொடியேற்றத்தோடும் காப்புக் கட்டுதலோடும் தொடங்கும். பத்து நாள் விழாவும் உண்டு, இருபது நாளும் அதற்கு மேலும் நடப்பதும் உண்டு. பிற்பகலில் பாரதப் பிரசங்கம் நடைபெறும். பிரசங்கியார் வில்லிபாரதப் பாடலைப் பாடிப் பொருள் சொல்வார். இரவு பத்து மணியளவில் கூத்து தொடங்கி விடியும் வரை நடக்கும். பகலில் கேட்ட கதையை இரவில் வேடத்தோடு காண்பது இதன் முறை.

திரௌபதி திருமணம், சுபத்திரை திருமணம், இராஜசூய யாகம், துகில் உரிதல், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு வதம், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் ஆகியவை வழக்கமாக நடத்தப்படும் கூத்துகள். ஊருக்கேற்பவும் நாள் கணக்குக்கேற்பவும் இவை கூடும், குறையும்.

அர்ச்சுனன் தபசில் அர்ச்சுனன் வேடமிட்டவர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். மேலிருந்து அவர் வீசும் எலுமிச்சையையும் விபூதியையும் பெறுவதற்குப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே காத்திருப்பர். இறுதி நாள் காலை படுகளம். தரையில் மண்ணால் செய்த துரியோதனனின் பேருருவம் கிடத்தப்பட்டிருக்கும். வீமன், துரியோதனன் வேடமிட்டவர்கள் அதைச் சுற்றிப் போர் புரிவர். துரியோதனன் வீழ்ந்த பின் திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி நடைபெறும்.

இசைக்குழு

கூத்தில் பாட்டே முதன்மை. ஆடுகளத்தின் பின்புறம் இசைக்குழு அமர்ந்திருக்கும். முகவீணை, மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், கைத்தாளம் ஆகியவை முக்கியக் கருவிகள். அவர்களுக்கு அருகில் நிற்பவர்கள் பின்பாட்டுப் பாடுவர். வேடம் முடித்து வந்த நடிகரும், அடுத்த காட்சிக்குக் காத்திருப்பவரும் பின்பாட்டில் சேர்ந்துகொள்வதுண்டு.

முகவீணை சீவாளி வைத்து ஊதும் சிறிய குழல் கருவி. நாகசுவரத்தைவிடச் சிறியது, ஒலி கூர்மையானது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் திறந்த வெளியில் கடைசி வரிசை வரை கேட்க வேண்டியிருந்ததால், நடிகர்கள் உச்சச் சுருதியில் பாடினர். அந்தக் குரலைத் தொட்டுச் செல்லக்கூடிய கருவியாக முகவீணை அமைந்தது. ஆர்மோனியம் பிற்காலத்தில் வந்து சுருதியைத் தாங்கும் பொறுப்பை ஏற்றது.

மேலைநாட்டுச் சேர்ந்திசைக் குழுவில் நடத்துநர் கோலசைத்து வழிகாட்டுவார். கூத்தில் அப்படி ஒருவர் இல்லை. ஆடுபவரே வழிகாட்டி. அவர் எந்த இடத்தில் பாட்டை நிறுத்தி வசனத்துக்குப் போகிறார், எப்போது கிறுக்கி ஆடுகிறார் என்பதை மிருதங்கக்காரர் கால் அசைவைப் பார்த்தே அறிவார். எழுதி வைத்த இசைக்குறிப்பு கிடையாது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடிய பழக்கமே ஒத்திசைவைத் தருகிறது.

வேடமும் திரை வரவும்

அரசர், வீரர் வேடங்களுக்கு மரத்தால் செய்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியவை அணியப்படும். எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணம் தீட்டி, கண்ணாடிச் சில்லு பதித்து இவற்றைச் செய்வர். இவற்றையே கட்டை என்பர். இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று பாடி, தன்னை அறிமுகப்படுத்தி, பிறகே வேடதாரி முழுமையாக வெளிப்படுவார். கட்டியங்காரன் அவரை வரவேற்று, கேள்வி கேட்டு, கேலி பேசி, கதையை நிகழ்கால ஊரோடு இணைப்பார். தீவட்டியும் எண்ணெய் விளக்கும் இருந்த இடத்தில் பெட்ரோமாக்ஸ் வந்தது. அதன் பின் குழல் விளக்கும் ஒலிபெருக்கியும் வந்தன.

பெயரும் மதிப்பும்

முன்பு கூத்தாடுதல் சில குடும்பங்களின் பரம்பரைக் கடமையாகவும் உரிமையாகவும் இருந்தது. ஊர்க் கோயிலுக்குச் செய்யும் பணிக்கு ஈடாக விளைச்சலில் பங்கு கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டில் அந்த முறை தளர்ந்து, பல சாதியினரும் சேர்ந்த, கூலி பேசி ஆடும் குழுக்கள் பெருகின. வருவாய்க்கு வழி விரிந்தது. ஆனால் கூத்தாடி என்ற சொல் ஏளனமாகவே வழங்கிவந்தது. இரவெல்லாம் கர்ணனாகவும் தருமனாகவும் வணங்கப்பட்டவர் விடிந்தபின் சாதாரணக் கூலியாளாக நடத்தப்படும் நிலை இருந்தது.

மாற்றம் இரு திசைகளிலிருந்து வந்தது. செய்யாறு பகுதியைச் சேர்ந்த புரிசைக் கூத்து, நவீன நாடகக்காரர்களின் கவனத்தைப் பெற்றது. 1977-ல் கூத்துப்பட்டறையை நிறுவிய ந. முத்துசாமி, புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைத் தமிழ் நாடகத்தின் வேராகக் கண்டு எழுதினார். புரிசைக் குழு பிரெக்ட், காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் ஆகியோரின் படைப்புகளையும் கூத்தாக நிகழ்த்தியுள்ளது.

மற்றொரு திசை காஞ்சிபுரம். கூத்துக் குடும்பத்தில் பிறந்த பெருங்கட்டூர் ராஜகோபாலும், நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் கலைஞர்களோடு சேர்ந்து 1990-ல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினர். தெருக்கூத்து என்ற சொல் தெருவில் நடந்துசென்று ஆடுவதையே குறிக்கும், ஓரிடத்தில் இரவெல்லாம் நடத்தும் நாடகத்துக்குக் கட்டைக்கூத்து என்பதே பொருத்தம் என்பது அவர்கள் கருத்து. புரிசை மரபினர் தெருக்கூத்து என்ற பெயரையே வழங்குகின்றனர். இரு பெயர்களும் இன்று புழக்கத்தில் உள்ளன. பெயர் பற்றிய இந்த விவாதத்தின் அடியில் இருந்தது கலைஞரின் மதிப்பு பற்றிய கேள்வி.

குருகுலம்

ராஜகோபால் பத்து வயதளவில் பள்ளியை விட்டுக் கூத்துக்கு வந்தவர். கூத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கும் அதுவே நிலை. இரவு ஆடி, பகலில் பள்ளிக்குச் செல்வது இயலாது. கலையைக் கற்றால் கல்வி போகும், கல்விக்குச் சென்றால் கலை போகும் என்ற இக்கட்டுக்கு விடையாக 2002-ல் கட்டைக்கூத்துக் குருகுலம் தொடங்கப்பட்டது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சைஅரசன்தாங்கலில் அது இயங்கியது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் பாடத்தையும் கூத்தையும் சேர்த்துப் படித்தனர்.

குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். அதுவரை பெண் வேடங்களையும் ஆண்களே கட்டினர். பல இரவுகள் வெளியூரில் தங்கும் தொழிலில் பெண்கள் இருப்பதை ஊரும் குடும்பமும் ஏற்கவில்லை. பயிற்சி பெற்ற பெண்கள் துரியோதனன், கர்ணன் போன்ற கட்டை வேடங்களிலும் மேடையேறினர். 2017-ல் டி.எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகியோருடன் இணைந்து கர்நாடக இசையும் கட்டைக்கூத்தும் ஒரே மேடையில் நிகழ்த்தப்பட்டன. சபா அரங்கில் ஒடுங்கிக் கேட்கும் இசையும், வயல்வெளியில் உரக்கப் பாடும் இசையும் அங்கு சமமாக அமர்ந்தன.

2020-ஆம் ஆண்டின் கோடை

2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கு தொடங்கியது. அது பங்குனி மாதம். தாம்பூலம் வாங்கிய நாட்கள் எல்லாம் ரத்தாயின. திருவிழாக்களுக்குத் தடை இருந்ததால் அந்தக் கோடை முழுவதும் கூத்து நடைபெறவில்லை. 2021 மே மாதத்தில் மீண்டும் முழு ஊரடங்கு வந்து இரண்டாவது கோடையையும் பாதித்தது. ஆண்டு வருவாயின் பெரும்பகுதியைச் சில மாதங்களில் ஈட்டும் தொழிலில் ஒரு பருவம் தவறினால் ஓராண்டே தவறியதாகும். குருகுலமும் 2020-ல் மூடப்பட்டது.

இக்கலை ஒரு நிறுவனத்தை மட்டும் நம்பி இருந்ததில்லை. கட்டுப்பாடுகள் நீங்கியதும் ஊர்கள் மீண்டும் கொடியேற்றின. விழாக்கால மாதங்கள் தவிர, இறந்தவர்களுக்கான கருமாதிச் சடங்கிலும் கர்ண மோட்சம் ஆடப்படுவதால் குழுக்களுக்குச் சிறிது வேலை கிடைக்கிறது. முகவீணை வாசிப்போர் குறைந்து வருவது மட்டும் தீராத குறையாக உள்ளது.

பிற இடங்களில்

திரௌபதி வழிபாடும் பாரத விழாவும் தமிழர் குடியேறிய நாடுகளுக்கும் சென்றன. இலங்கையில் உடப்பு, பாண்டிருப்பு ஆகிய ஊர்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழாவும் தீமிதியும் நடைபெறுகின்றன. சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் தீமிதி திரௌபதியை முன்வைத்தே நிகழ்கிறது. ரியூனியன், பிஜி ஆகிய தீவுகளிலும் தீமிதி வழக்கம் உண்டு. பெரும்பாலான இடங்களில் சடங்கு நிலைத்தது, இரவு முழுவதுமான கூத்து நிலைக்கவில்லை. வாத்தியார், ஜமா, தாம்பூலம், தலைக்கட்டு வரி ஆகிய நான்கும் ஒன்றாக இருந்த இடத்தில்தான் கூத்து ஒரு பருவமாகத் தொடர்ந்தது. காஞ்சிபுரம் வட்டாரம் அத்தகைய இடங்களுள் ஒன்று.