மண்ணும் குளிரும், மாதம் 11 ரூபாயும்

முதல் உலகப் போருக்காக 1914 செப்டம்பர் கடைசியில் இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியதையும், பிரெஞ்சு மக்கள் தெருவில் திரண்டு நின்று வரவேற்றதையும் சென்ற வாரம் பார்த்தோம். கூட்டம் கலைந்த பிறகு அந்த இந்தியச் சிப்பாயின் அன்றாடம் எப்படி இருந்தது? தளபதிகளின் நினைவுக் குறிப்புகளில் தேடினால் அதிகம் கிடைக்காது. அவை போர்த்திட்டங்களைப் பேசுகின்றன. நனைந்த காலுறையைப் பேசுவதில்லை.

அக்டோபர் முடிவதற்குள் நம்மவர்கள் பெல்ஜியத்திலும் வடக்குப் பிரான்ஸிலும் பதுங்கு குழிகளுக்குள் இருந்தார்கள். உடம்பில் வெயில் காலத்துக்கான மெல்லிய காக்கி. கம்பளி உடுப்பு தாமதமாகத்தான் வந்தது. பழைய துப்பாக்கியை மார்செயில் வாங்கிவைத்துக்கொண்டு புது ரகம் கொடுத்திருந்தார்கள். அது கைக்குப் பழகுவதற்கு முன்பே சண்டை வந்துவிட்டது. மாதச் சம்பளம் 11 ரூபாய்.

அவர்கள் இருந்த வடக்குப் பிரான்ஸின் நவ் ஷாப்பேல் பக்கமெல்லாம் களிமண் பூமி. கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறிவிடும். அதனால் பல இடங்களில் குழிக்குப் பதிலாக மணல் மூட்டைகளை அடுக்கிச் சுவர் எழுப்பி, அதன் பின்னால் இருந்தார்கள். முழங்கால் அளவு சேற்றில் நாள் முழுக்க நின்றால் கால் முதலில் மரத்துப்போகும். பிறகு வீங்கும். பூட்ஸைக் கழற்றினால் திரும்ப மாட்ட முடியாது. முற்றிவிட்டால் அழுகிய விரல்களை வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. அந்த முதல் குளிர்காலத்தில் குண்டுபடாமலே மருத்துவமனைக்குப் போனவர்கள் ஏராளம்.

விடிவதற்குச் சற்று முன்னும், பொழுது சாயும்போதும் எல்லோரும் துப்பாக்கியோடு எழுந்து நிற்க வேண்டும். தாக்குதல் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும். பகலில் தலையைத் தூக்கினால் எதிரியின் குறிதவறாத சுடுவீரன் காத்திருப்பான். ஆகவே முள்கம்பி கட்டுவது, மண் அள்ளுவது, ரேஷன் சுமப்பது, காயம்பட்டவரைத் தூக்கிப் போவது எல்லாம் இருட்டில்தான். கைக்குண்டு போதுமான அளவு வரவில்லை. காலி ஜாம் டப்பாவில் வெடிமருந்தையும் ஆணிகளையும் திணித்து, திரியைப் பற்றவைத்து எறிந்தார்கள். திரி ஈரமாக இருந்தால் வெடிக்காது. குட்டையாக இருந்தால் எறிபவன் கையிலேயே வெடிக்கும். உலகத்திலேயே பெரிய சாம்ராஜ்யம் தன் சிப்பாயிடம் கொடுத்த ஆயுதம் இது என்பதை என்னால் சுலபமாகக் கடந்துபோக முடியவில்லை.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? பெரும்பகுதி சிப்பாய்களின் கடிதங்களால். 1915-இன் தொடக்கத்தில் பிரான்ஸிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் வாரத்துக்குப் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் கடிதங்கள் வரை எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்களே அதிகம். எழுதத் தெரிந்த தோழன் ஒருவனைப் பிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதவைப்பார்கள். மனைவிக்குச் சொல்ல வேண்டியதைக்கூட இன்னொருவன் காதில் போட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

அந்தக் கடிதங்களை பிரிட்டிஷ் அரசாங்கம் விட்டுவைக்கவில்லை. பிரான்ஸின் பூலோன் நகரில் தணிக்கை அலுவலகம் திறந்து, ஈவ்லின் ஹோவெல் என்ற அதிகாரியை அதற்குத் தலைவராகப் போட்டது. படையில் அதிருப்தி எந்த அளவுக்கு இருக்கிறது என்று அறிவதுதான் நோக்கம். பொறுக்கியெடுத்த பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையாக அனுப்பினார்கள். மூலக் கடிதங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. மிஞ்சியிருப்பது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள அந்த அறிக்கைகள்தான். வேவு பார்க்கச் சேர்த்த காகிதம், ஒரு தலைமுறைச் சிப்பாய்களின் வாழ்க்கைக்குச் சாட்சியாகியிருக்கிறது.

கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்பது சிப்பாய்க்கும் தெரியும். அதனால் மறைபொருளில் எழுதினான். இந்தியச் சிப்பாய் ‘கறுப்பு மிளகு’, வெள்ளைக்காரச் சிப்பாய் ‘சிவப்பு மிளகு’. கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று எழுதினால், இங்கே சாகிறோம், நீ படையில் சேராதே என்று ஊரிலிருக்கும் தம்பி புரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாமே புலம்பல் என்று எண்ணிவிடக் கூடாது. ஓய்வு நாட்களில் கிராமத்து வீடுகளில் தங்கியவர்கள், மகனைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்த பிரெஞ்சுத் தாய்மார்கள் தங்களைப் பிள்ளைபோல் கவனித்துக்கொண்டதை எழுதியிருக்கிறார்கள். ஆண்கள் இல்லாத ஊரில் பெண்களே உழுவதையும், கடை நடத்துவதையும், கணக்கு எழுதுவதையும் பார்த்து அதிசயித்து, நம் வீட்டுப் பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று ஊருக்கு எழுதியவர்களும் உண்டு. அந்த வரிகளுக்காகவே நான் இந்த அறிக்கைகளை மதிக்கிறேன்.

அவர்களை அதிகம் வருத்தியது வேறொன்று. காயம்பட்டு இங்கிலாந்துக்குப் போனவர்களில் ஒரு பகுதியினரை பிரைட்டன் அரண்மனையில் வைத்துப் பார்த்தார்கள். தனித்தனிச் சமையற்கூடங்கள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித் தண்ணீர்க் குழாய்கள் என்று வசதிக்குக் குறைவில்லை. ஆனால் ஆறியதும் மறுபடி போர்முனை. ஒருமுறை ரத்தம் சிந்தியவனை ஊருக்கு அனுப்பக் கூடாதா என்ற கேள்வி கடிதத்துக்குக் கடிதம் வருகிறது. நவ் ஷாப்பேலில் 1915 மார்ச் 10 முதல் நடந்த சண்டையில் இந்தியப் படையணி 4,000 பேருக்கு மேல் இழந்தது. இறந்தோர், காயம்பட்டோர், காணாமற்போனோர் எல்லாம் சேர்த்து. சிப்பாய்களின் மொழி பேசத் தெரிந்த வெள்ளை அதிகாரிகளும் பலர் செத்துப்போக, புதிதாக வந்தவர்களுக்குத் தங்கள் ஆட்களின் பெயர்கூடத் தெரியவில்லை. சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் இடையே இருந்த நம்பிக்கை முறிந்தது முறிந்ததுதான்.

1915 இறுதியில் இந்தியக் காலாட்படையைப் பிரான்ஸிலிருந்து கப்பலேற்றினார்கள். ஊருக்கு அல்ல, மெசபடோமியாவுக்கு. நம் பக்கத்து மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையினரும் போரிட்ட களம் அது. லண்டன் அறிக்கைகளில் உள்ள கடிதப் பகுதிகள் பெரும்பாலும் பஞ்சாபியர், பட்டாணியர், கட்வாலியருடையவை. நம் பக்கத்துச் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதியவை எங்காவது பழைய பெட்டிகளில் இருக்கலாம். உங்கள் குடும்பத்தில் 1914-18 காலத்துக் கடிதமோ, அஞ்சலட்டையோ, பதக்கமோ இருந்தால் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். ஒரு நகலெடுத்து எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த வாரம் மெசபடோமியாவில், கூட் நகர முற்றுகை.