கை தட்டினோம், லிஃப்டை மறுத்தோம்

ரொம்ப நாளா எழுத நினைச்சுத் தள்ளிப்போட்ட விஷயம் இது. கொஞ்சம் வெட்கமான விஷயமும்கூட.

பிழைப்புக்காகப் புனே வந்து பல வருஷமாச்சு. ஹடப்சர் பக்கம் வீடு. 2020 மார்ச் 22-ம் தேதி சாயங்காலம் 5 மணிக்கு ஊரே பால்கனியில் நின்னு மருத்துவப் பணியாளர்களுக்காகத் தட்டு தட்டியது ஞாபகம் இருக்கும். நானும் தட்டினேன். இரண்டே நாளில், தில்லி எய்ம்ஸ் ரெஸிடென்ட் டாக்டர்கள், வீட்டுக்காரர்கள் தங்களைக் காலி செய்யச் சொல்வதாக உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுத வேண்டியதாகிவிட்டது.

எங்கள் சொசைட்டியில் அஞ்சாவது மாடியில் ஒரு நர்ஸ் அக்கா. நாகர்கோவில்காரர். ஏப்ரலில் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி: 'ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் லிஃப்ட் உபயோகிக்க வேண்டாம்'. நான் படித்தேன். பதில் போடவில்லை.

இது புதுசா என்று தேடினால், 1896-க்குப் போய் நிற்கிறது. அந்த வருஷம் பம்பாயில் பிளேக். உள்ளே போனவன் உயிரோடு திரும்ப மாட்டான் என்று வதந்தி. அக்டோபரில் மில் தொழிலாளர்கள் கூட்டமாகப் போய் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். அதுதான் இன்றைய கஸ்தூர்பா ஆஸ்பத்திரி. 2020-ல் மும்பையின் முதல் கொரோனா நோயாளிகளைப் பார்த்ததும் அதுவே!

ஆனால் அன்றைய ஜனங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. வீடு புகுந்து சோதனை, கட்டாயமாகப் பிரித்து வைப்பது என்று அரசாங்கமும் பயமுறுத்தியது. அதற்கு வசதியாக 1897-ல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. நாலே பிரிவுகள். உத்தரவை மீறினால் தண்டனை உண்டு, அதிகாரிகள் மேல் வழக்குப் போடவும் முடியாது. நோயாளியைத் தொட்டுப் பார்ப்பவருக்கு அதில் ஒரு வரி கிடையாது.

அதே 1897-ல் எங்கள் ஹடப்சர் பக்கம் சாவித்ரிபாய் புலேயும் அவர் மகன் டாக்டர் யஷ்வந்தும் பிளேக் நோயாளிகளைக் கவனித்தார்கள். நோய் தொற்றி மார்ச் 10-ம் தேதி சாவித்ரிபாய் இறந்துபோனார்.

தொட்டுப் பார்ப்பவருக்கான அந்த வரி சட்டத்தில் சேர 123 வருஷம் ஆனது. சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரைப் புதைக்க விடாமல் கல்லெறிந்த சில நாளில், 2020 ஏப்ரல் 22-ம் தேதி அவசரச் சட்டம் வந்தது. தாக்கினால் 3 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை, ஜாமீன் கிடையாது. அடி மட்டுமல்ல, வேலை பார்க்க விடாதபடி குடியிருப்பில் தொல்லை கொடுப்பதும் அதில் வன்முறைதான். அதைப் படித்தபோதுதான் எங்கள் லிஃப்ட் உறைத்தது.

அக்கா எப்படிச் சமாளித்தார்? யூனிஃபார்மை ஆஸ்பத்திரியிலேயே மாற்றிக்கொண்டு வருவார். பால் பாக்கெட்டை அடுத்த தெருவில் வாங்குவார். ஊரில் அம்மாவிடம் போனில், 'இங்கே எல்லாரும் நல்லா பாத்துக்கிறாங்க' என்பார். டூட்டி ரூமில் கூட வேலை செய்பவர்களோடு வாய்விட்டுப் பேசி அழுவதுதான் மருந்தாம்.

போன வருஷம் ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். "படி ஏறுனது வலிக்கல தம்பி. எதிர்ல வந்தவங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க பாருங்க, அதுதான்" என்றார்.

மூச்சைப் பிடித்தவர்களில் நானும் ஒருவன். அவருக்கு அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் குடியிருப்பில் என்ன நடந்தது? சொல்லுங்களேன்.