ஐந்து உறைகளும் அகச் சமநிலையும்

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்திலே உயர்ந்து நிற்பது தீர்த்தமலை. அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற பழம்பதி அது. அங்கே தீர்த்தகிரீசுவரர் கோயிலை ஒட்டி இராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்கினி என்னும் பெயர்களோடு ஐந்து தீர்த்தங்கள் விளங்குகின்றன. மலைப்பாறையினின்றும் சிறு தாரையாக வீழும் இராமர் தீர்த்தத்தைக் காண்போர், இத்துணைக் கடினமான பாறையிலே நீர் எங்ஙனம் வந்தது என்று வியப்பர். மலைமேற் பெய்த மழை மண்ணில் ஊறி, பாறையின் வெடிப்புகளில் நுழைந்து, மெல்ல இறங்கிச் சுனையாக வெளிப்படுவது இயற்கை. நீரை மறைக்கும் பாறைதான் நீருக்கு வழியும் விடுகின்றது.

மனிதனைப் பற்றியும் இதற்கு நிகரான ஓர் ஆராய்ச்சி நம் நாட்டில் மிகப் பழங்காலத்திலேயே நிகழ்ந்தது. 'நான்' என்று சொல்லும்போது நாம் எதனைச் சுட்டுகின்றோம்? உடம்பையா, உயிர்ப்பையா, மனத்தையா? இவ்வினாவுக்கு விடை தேடியது தைத்திரீய உபநிடதம். கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்னரே தோன்றிய நூல் அது. உணவால் ஆகிய உடம்பு, அதனுள் உயிர்ப்பு, அதனுள் மனம், அதனுள் பகுத்துணரும் அறிவு, அதனுள் ஆனந்தம். இவ்வாறு ஒன்றனுள் ஒன்றாக ஐந்து நிலைகளை அது கூறுகின்றது. வாளுக்கு உறை போன்றவை இவை என்னும் கருத்தில் பிற்கால வேதாந்திகள் இவற்றைக் 'கோசங்கள்' என்றனர். அன்னமயம், பிராணமயம், மனோமயம், விஞ்ஞானமயம், ஆனந்தமயம் என்பன அவற்றின் பெயர்கள்.

மாணவ நண்பர்களே! இவை ஏட்டில் மட்டும் உள்ளவை அல்ல. தேர்வு முடிவு வெளியாகும் நாளை எண்ணிப் பாருங்கள். உணவு இறங்குவதில்லை, மூச்சு விரைகின்றது, மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை, எது சரி, எது தவறு என்னும் தெளிவு குன்றுகின்றது, மகிழ்ச்சி இருந்த இடம் தெரியவில்லை. ஒரே அதிர்ச்சி ஐந்து உறைகளையும் தாக்குகின்றது. சற்றே அமர்ந்து மூச்சைச் சீராக விட்டால் மனமும் சிறிது அடங்குவதை உணர்வீர்கள். ஓர் உறைக்கும் மற்றோர் உறைக்கும் உள்ள தொடர்பு இதனால் விளங்கும்.

இவ்வுபநிடதம் ஒவ்வொரு நிலையையும் ஒரு பறவையின் வடிவாகக் காட்டுகின்றது. தலை, வலச்சிறகு, இடச்சிறகு, நடுவுடல், வால் என்பன அதன் உறுப்புகள். அறிவுநிலையாகிய பறவைக்குச் சிரத்தையே தலை. முறைமை ஒரு சிறகு. வாய்மை மற்றொரு சிறகு. அச்சிறகுகள் பொருந்தும் நடுவுடலோ யோகம்! யோகம் என்னும் சொல்லுக்கு இவ்விடத்தில் மனம் ஒருமித்து அமைதல் என்னும் கருத்தில் சங்கரர் உரை காண்கின்றார். ஒற்றைச் சிறகால் எப்பறவையும் பறப்பதில்லை. முறைமையின்றி வாய்மையும், வாய்மையின்றி முறைமையும் நெடுந்தூரம் செல்லா. இரண்டையும் தாங்கி நிற்கும் நடுநிலையே அகச் சமநிலை.

பதஞ்சலி முனிவர் தம் யோக சூத்திரத்தில் ஐந்து கோசங்களை எடுத்துக் கூறவில்லை. சித்தத்தின் அலைகளை அடக்குவதற்கு எட்டு உறுப்புகளை வகுத்தார். அவற்றுள் ஆசனம் ஒன்று மட்டுமே. இயமமும் நியமமும் அதற்கு முன்னே நிற்கின்றன. தமிழில் திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலே எட்டு உறுப்புகளையும் விளக்கினார். உடம்பை இழிவென எண்ணாது, இறைவன் உறையும் இடமெனப் போற்றவும் கற்பித்தார். கோசக் கொள்கையையும் யோகப் பயிற்சியையும் ஒன்றாக இணைத்துக் கற்பிப்பது பிற்காலத்து ஆசிரியர்களின் பணி. 2014ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பேரவை ஜூன் 21ஆம் நாளை அனைத்துலக யோகா நாளாக அறிவித்தது. அந்நாளில் உலகம் பெரும்பாலும் காண்பது ஆசனங்களையே.

இக்கொள்கையைக் கேட்போர் சிலர், 'உடம்பு வெறும் உறைதானே, அதனைப் பேணுவானேன்?' என்று கருதுவதுண்டு. அதே உபநிடதம் அதற்கு விடை தருகின்றது. வருணனின் மகன் பிருகு, தவத்தால் ஆராய்ந்து, முதலில் உணவே பரம்பொருள் என்று கண்டான்; பின்னர்ப் படிப்படியாக ஆனந்தம் வரை சென்றான். ஆனந்தத்தை அறிந்த பின்னர் அங்கே கூறப்படும் விரதங்கள் யாவை? உணவை இகழாதே, உணவைப் பெருக்கு, இல்லம் தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பாதே என்பனவே. உள்நோக்கிச் சென்ற பயணம், பிறர் பசி தீர்க்கும் கடமையில் வந்து முடிகின்றது.

உடம்பு சிதைந்தபோதும் உள்ளம் சிதையாது நின்ற ஒருவரை இதே தருமபுரி மண் அறியும். வத்தலக்குண்டில் 1884இல் பிறந்த சுப்பிரமணிய சிவா, 1908இல் வ.உ.சிதம்பரனாருடன் கைதாகிச் சிறை சென்றார். 1912இல் விடுதலை பெற்றார். சிறைவாழ்வு அவருக்குத் தொழுநோயைத் தந்தது. நோயைக் காட்டி அரசு அவரை இரயிலில் ஏறவிடாது தடுத்தது. அவரோ கால்நடையாகவும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகச் சென்று விடுதலை முழக்கம் செய்தார். வேதாந்தத்தில் தோய்ந்த அவர், 1913இல் 'ஞானபாநு' என்னும் இதழைத் தொடங்கி நடத்தினார். பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப முனைந்தார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23ஆம் நாள் அவ்வூரிலேயே சிவா மறைந்தார். அன்னமய உறை புண்பட்டது. சிரத்தையும் வாய்மையும் புண்படவில்லை.

ஆயினும் அவர் துன்பத்தைப் போற்றுவது நம் கருத்தன்று. அவர் வாழ்ந்த நாளில் அந்நோய்க்குத் தக்க மருந்து இல்லை. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் இன்று தொழுநோய் குணமாகின்றது. உடம்பு நோயுற்றால் மருத்துவரை நாடுவதும், மனம் நோயுற்றால் அதற்குரிய மருத்துவரை நாடுவதும் யோகத்துக்கு மாறானவை அல்ல. உறைகளைப் பேணுவதும் யோகத்தின் ஒரு பகுதியே.

ஆகவே, இளைஞர்களே! அளவோடு உண்ணுங்கள், மூச்சைச் சீராக்குங்கள், மனத்தை ஒரு நற்பொருளில் நிறுத்துங்கள், முறைமையையும் வாய்மையையும் இரு சிறகுகளாகக் கொள்ளுங்கள். வெற்றி வரும்போது துள்ளாமலும், தோல்வி வரும்போது துவளாமலும் நிற்கும் திறன் அதனால் வளரும். அத்திறன் உங்கள் உள்ளத்தில் உண்மையாகவே வளர்ந்துள்ளதா என்று அறிய வேண்டுமானால், பசித்து வந்தவரிடம் நீங்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றீர்கள் என்று பாருங்கள். அதுவே போதிய சான்று.